ஐந்தரை மணி ஆராதனை

நான் வளர்ந்தது மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில், தேரி மணல் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சின் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். அம்மா வெள்ளைச் சட்டைகளுக்கு நீலம் போட்டுக் காயவைத்துத் தேய்த்து அடுக்குவாள். ஆச்சி ஒவ்வொரு நேரமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்திருப்பாள். அது ராத்திரி ஓலைப்பெட்டிக்கு மாறும், மறுநாள் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். பிள்ளைகள் நாங்கள் ஓய்வுநாள் பள்ளி மனப்பாட வசனத்தை ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காமல் சோறு கிடையாது என்பார்கள். கிடைக்கும்.

இப்படி ஆரம்பித்ததும், அந்தக் காலத்து ஞாயிறுபோல வருமா என்று முடிக்கப்போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். அந்த ஞாயிறு எங்கள் வீட்டிலேயே எல்லாருக்கும் கிடைத்ததில்லை.

தாத்தா பனையேறி. மாசி, பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் அவருக்கு லீவு என்று ஒன்று கிடையாது. பாளையைத் தினமும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் நுனி காய்ந்து ஊறுவது குறையும், நாலு நாள் விட்டால் அந்தப் பாளையே போச்சு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி, காலில் தளைநார் என்று முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருட்டோடு கிளம்பிவிடுவார். முதல் மணி அடிக்கும்போது கடைசி மரங்களில் இருப்பார். இரண்டாம் மணிக்குள் இறங்கி, கிணற்றில் குளித்து, மரம் உரசிக் காய்த்துப்போன நெஞ்சை வெள்ளைத் துண்டால் மூடிக்கொண்டு ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். ஆச்சியால் அதுவும் முடியாது. அவர் இறக்கிய பதநீர் அப்போதுதான் விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், அடுப்பேறியிருக்கும், பதம் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர வழியில்லை. சீசன் முழுக்க ஆச்சி காலை ஆராதனைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. சாயங்கால ஜெபத்துக்கு வருவாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கும், சேலையில் புகை வாடை அடிக்கும். பிரசங்கத்தில் தூங்குகிறாள் என்று எங்கள் அத்தை கேலி செய்வாள். அத்தைக்கென்ன, அவள் டீச்சர். அவளுக்கு ஞாயிறு லீவு.

"கர்த்தருடைய நாளில் மரம் ஏறலாமா?" என்று சபை ஊழியம் பார்க்கும் ஒரு உபதேசியார் தாத்தாவைக் கேட்டாராம். "மரத்துக்குக் கிழமை தெரியலையே ஐயா" என்றாராம் தாத்தா. எங்கள் வீட்டில் இது பெரிய கதை, கல்யாண வீடுகளில் இப்போதும் யாராவது எடுத்துவிடுவார்கள். ஆனால் பதில் சொன்னதோடு அவர் விட்டுவிடவில்லை. ஒரு பனையைக் கோயில் மரம் என்று ஒதுக்கி, அதில் வரும் கருப்பட்டியை அறுப்பின் பண்டிகைக்குக் கொடுத்துவந்தார். ஏலத்தில் அதை எடுக்கப் போட்டி நடக்கும். ஒரு முறை அவரே கூடுதல் விலை கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார், ஆச்சி திட்டினாள்.

தெரிந்திருந்தால் அந்த உபதேசியாரிடம் தாத்தா ஒரு பெரிய சாட்சியையே கூட்டிக்கொண்டு போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமையைச் சட்டப்படி ஓய்வு நாள் ஆக்கியவர் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன். 321ஆம் வருஷம் மார்ச் மாதம் போட்ட சட்டம் அது. நீதிபதிகளும் நகரத்து ஜனங்களும் ஓய்ந்திருக்க வேண்டும், பட்டறைகளை மூட வேண்டும். ஆனால் அதே சட்டத்திலேயே விவசாயிகளுக்கு விலக்கு இருக்கிறது. தானியம் விதைக்கவும் திராட்சைக்கொடி நடவும் வேறொரு நாள் இதைப்போல வாய்க்காமல் போகலாம் என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். பயிருக்கும் கிழமை தெரியாது என்று ரோமாபுரியில் அன்றைக்கே ஒத்துக்கொண்டாயிற்று. எங்கள் தேரிக்காட்டுக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அந்தச் சட்டத்தைவிட அதற்கு முந்தின காலம்தான் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள். யூதர்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை, ஆகவே முதல் நாள் என்றால் எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நாள். ரோமர்களுக்கும் அது மற்ற நாளைப்போல ஒரு நாள். அதாவது ஏறக்குறைய முந்நூறு வருஷம் கிறிஸ்தவர்கள் ஞாயிறு ஆராதனையை ஒரு வேலை நாளில்தான் நடத்தியிருக்கிறார்கள். அடிமைகளும் கூலிக்காரர்களும் நிறைந்த கூட்டம் வேலை நாளில் எப்போது கூட முடியும்? விடியுமுன் கூடலாம், இல்லாவிட்டால் வேலை முடிந்த ராத்திரி.

கி.பி. 112 வாக்கில் பித்தினியா, பொந்து பகுதியின் ஆளுநராக இருந்த பிளினி, இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று சக்கரவர்த்தி டிராஜனுக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறார். இப்போது துருக்கியின் வடக்குக் கரை அது. விசாரித்ததில் தெரிந்ததாக அவர் சொல்வது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். பிறகு கலைந்துபோய், சாப்பிடுவதற்கு மறுபடி கூடுகிறார்கள். எந்தக் கிழமை என்று அவர் எழுதவில்லை. இது உண்மைதானா என்று அறிய அவர் சித்திரவதை செய்து விசாரித்தது இரண்டு அடிமைப் பெண்களை. அவர்கள் சபையில் ஊழியக்காரிகளாக இருந்தவர்கள். கடிதத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

விடியுமுன் கூடிக் கலைந்துபோனவர்கள் எங்கே போயிருப்பார்கள்? எஜமான் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கத்தான் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்.

ஏன் தோன்றுகிறது என்றால், எனக்கும் ஞாயிறு அப்படித்தான். நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டூட்டி ரோஸ்டரில் ஞாயிறு என்பது ஒரு கட்டம், அவ்வளவே. வார்டில் படுத்திருப்பவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரியோடு காய்ச்சல் நின்றுவிடுவதில்லை.

பாளையங்கோட்டை கோயில்களுக்குப் பேர்போன ஊர். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய ஊசிக்கோபுரக் கோயில் இருக்கிறது, இருநூறு வருஷமாகிறது. நான் போவது அதைவிடச் சின்னக் கோயில். ஞாயிறு இரண்டு ஆராதனை, ஐந்தரைக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. எட்டரைதான் பெரிய ஆராதனை என்று பேர். கொயர், பட்டுச்சேலை, வாசலில் கார் நிறுத்தச் சண்டை எல்லாம் அங்கேதான். ஐந்தரைக்கு வருவது வேறு ஜனம். ஏழு மணி வண்டியை எடுக்க வேண்டிய பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு வருவார். ஹோட்டலில் மாவாட்டுகிற அக்கா வருவார். காய்கறிக் கடைக்காரர், கறிக்கடையில் வேலை பார்க்கும் பையன், செக்யூரிட்டி வேலையில் இருக்கும் பெரியவர், எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் நாலைந்து பேர். அப்புறம், மத்தியானம் பத்துப் பேருக்குக் கறி ஆக்கிப் போட வேண்டிய மருமகள்கள். இவர்கள் பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தைப் பார்க்கிற விதமே தனி.

அந்த நேரத்தில் யாருக்கும் தொண்டை திறந்திருக்காது. கீபோர்டு வாசிக்கும் தம்பி முக்கால்வாசி நாள் முதல் பாட்டு முடிந்தபிறகுதான் வருவான். பஸ் டிரைவர் பிடித்த சுருதியில் எல்லாரும் போவோம். அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. பெண்களுக்கு எட்டாது, ஆண்களுக்கும் எட்டாது. ஆனாலும் நாலாவது சரணம் வரைக்கும் விடமாட்டோம்.

எல்லாம் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் முறைப்படி நடக்கும். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், விண்ணப்பங்கள், அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து. என் தங்கை பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். "எழுதி வச்சதைப் படிக்கிறது ஒரு ஜெபமாக்கா? இருதயத்துல இருந்து வர வேண்டாமா?" என்று கேட்பாள். அவள் ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன், மடை திறந்ததுபோல இருக்கும், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் ஒரு சாவைப் பார்த்து, அந்த அம்மாவின் மகனுக்கு போன் போட்டுச் சொல்லி, உடம்பைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, காலையில் நேராகக் கோயிலில் வந்து நிற்கும்போது என் இருதயத்தில் ஜெபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்குப் புத்தகத்தில் வரி தயாராக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சத்தமாகச் சொல்கிறார், நான் உதட்டை அசைத்தால் போதும். எனக்குத் தெம்பு இல்லாத வாரத்தில் சபை எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தங்கைக்கு இது முழுசாகப் புரியாது. அவள் பேங்கில் வேலை பார்க்கிறாள்.

திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் பகிர்வது ஒன்று உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. 1950இல் அது வெளியிட்ட திருவிருந்து முறையில் இதைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் சபைகளில் தொன்றுதொட்டு இருந்த பழக்கம் அது. இப்போது நிறைய இடங்களில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கும்பிடு போடுவதோடு முடித்துக்கொள்கிறார்கள். முறைப்படி செய்தால் அப்படி இல்லை. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க வேண்டும், இருவரும் இடது கையால் மற்றவர் கையை மூட வேண்டும். பீடத்தில் தொடங்கி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, பெஞ்சு பெஞ்சாக வரும். நீங்கள் வாங்காமல் உங்களுக்கு அடுத்தவருக்குப் போகாது.

எங்கள் ஐந்தரையில் இதை ஒழுங்காகச் செய்கிறோம். என் ஓரகத்தியும் ஐந்தரைக்குத்தான் வருகிறாள். மாமனார் வீட்டைப் பாகம் பிரித்ததில் எங்களுக்குள் ஒரு சுவர்த் தகராறு. பின்கட்டுச் சுவர் யாருக்கு என்பது. விஷயம் சர்வேயர் வரைக்கும் போயிருக்கிறது, இன்னும் முடியவில்லை. பெண்கள் பக்கத்தில் எத்தனையோ பெஞ்சு இருந்தும் மாதத்தில் ஒரு தடவையாவது அவள் எனக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொள்வாள், அல்லது நான் போய் மாட்டிக்கொள்வேன். அந்தக் கைகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இடது பெருவிரலில் அரிவாள்மனை வெட்டிய தழும்பு இருக்கிறது. எப்போதும் சில்லென்று இருக்கும். முகத்தை நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை. ஆனாலும் கை மாறும். சுவர் விஷயத்தில் அதனால் ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் சொன்னபோது இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தவர்களோடு ஜெபம் பண்ண ஞாயிறு தேவையில்லை, வாட்ஸப் குழு போதும். நான் தேர்ந்தெடுக்காத ஒரு கூட்டத்தோடு வாரத்துக்கு ஒரு முறை முழங்கால் போடுவதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஓய்வெல்லாம் கிடைத்தவர்களுக்கு லாபம்.

அறிவிப்புகள் எனக்குப் பிடிக்கும். பிரசங்கத்தைவிட என்று சொன்னால் எங்கள் பாஸ்டர் ஐயர் வருத்தப்படுவார். யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டுத் துக்கம், யாருக்கு வீட்டு ஜெபம், எல்லாம் அதில்தான் தெரியும். கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும் என்று. கோயிலே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று மட்டும் பிடிக்காது. பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, கல்யாண நாள் காணிக்கை என்று பெயரோடு தொகையையும் வாசிப்பது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று அதே பைபிளில்தான் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் வாசிக்கும்போது ஐம்பது ரூபாய் கவரைக் கையில் வைத்திருக்கும் மாவாட்டும் அக்கா எங்கே பார்ப்பார்? இதை எங்கள் கமிட்டியில் ஒருவரிடம் சொன்னேன். "அப்புறம் யாரு போடுவா?" என்றார். பெயரை மட்டும் வாசித்தால் போதும் என்பதில் நான் இன்னமும் உறுதியாக இருக்கிறேன்.

பிரசங்கம் என்றதும் எனக்கு ஐத்திகு ஞாபகம் வரும். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம். துரோவாவில் வாரத்தின் முதல் நாள் அப்பம் பிட்கக் கூடியிருக்கிறார்கள், பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறார். மேல்வீட்டில் நிறைய விளக்கு. ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். செத்தவனாகத் தூக்குகிறார்கள். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டு, உயிர் இருக்கிறது, கலங்காதீர்கள் என்கிறார். அப்புறம் மேலே ஏறிப்போய், அப்பம் பிட்டு, விடியும்வரை மறுபடியும் பேசுகிறார்! ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையைக் கோயிலில் தூங்குகிற பிள்ளைகளை மிரட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நைட் டூட்டி முடித்து எட்டரை ஆராதனைக்குப் போகிற நாட்களில் எனக்கு அந்தப் பையன்மேல் பாசம்தான் வருகிறது. ஜன நெருக்கம், எண்ணெய் விளக்குச் சூடு, பகலெல்லாம் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு வந்திருப்பான். தூங்காமல் என்ன செய்வான்? வராமல் இருந்துவிடவில்லையே.

துபாயில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே எங்கள் ஞாயிறு வெள்ளிக்கிழமை. அப்போது வார விடுமுறை வெள்ளி, சனி. ஆகவே எல்லாச் சபைகளுக்கும் முக்கிய ஆராதனை வெள்ளிக்கிழமைதான். ஊத் மேத்தாவில் ஹோலி டிரினிட்டி என்று ஒரு வளாகம். ஒரே கூரைக்குக் கீழே எத்தனையோ தேசத்து, எத்தனையோ பாஷைச் சபைகள். ஹால்களை மணிக்கணக்கில் பங்கு போட்டுக்கொள்வார்கள். எங்களுக்குக் கொடுத்த நேரம் முடியும்போது அடுத்த சபைக்காரர்கள் கதவுக்கு வெளியே நிற்பார்கள். நாங்கள் கடைசி ஆமென் சொல்லும்போதே அவர்கள் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் பிலிப்பைன்ஸ் பெண்களின் பாட்டு, படிக்கட்டில் ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்று வெள்ளை உடுப்பில். லேபர் கேம்பிலிருந்து வேனில் வரும் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஆராதனை முடிந்தும் போக மாட்டார்கள். வாரத்தில் அவர்கள் நின்று நாலு வார்த்தை தமிழில் பேசுவது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை உயிர்த்தெழுதல் பாட்டுப் பாடுவது முதலில் ஒரு மாதிரி இருந்தது. பெரிய வெள்ளி அன்று மட்டும் எல்லாம் சரியாகப் பொருந்தும், மற்ற வெள்ளிகளில் கேலண்டர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அப்பா போனில், "நாளை மாத்திக் கும்பிடலாமா?" என்று கேட்டார். மரம் ஏறியவரின் மகன் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டேன். 2022 தொடக்கத்தில் அங்கே அரசு அலுவலகங்களின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. இப்போது ஞாயிறு ஆராதனை வசதியாகிவிட்டது என்று அங்கிருக்கும் தோழி சொல்கிறாள். வெள்ளியை விடவும் மனசில்லையாம், பழகிப்போச்சு என்கிறாள்.

2020இல் எல்லாருக்கும் கோயில் மூடியது. மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய ஐந்து மாதத்துக்கு மேல். தமிழ்நாட்டில் செப்டம்பர் 1ஆம் தேதிதான் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறந்தார்கள். அதுவரை போனில் ஆராதனை. பி.பி.இ. கிட்டைக் கழற்றிவிட்டு வந்து, கட்டிலில் சாய்ந்துகொண்டு, எங்கள் ஐயரின் முகத்தை உள்ளங்கை அளவில் பார்த்தேன். பிரசங்கம் நன்றாகவே கேட்டது, கோயிலில்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. பாட்டு சுருதி விலகாமல் இருந்தது. ஆனால் நான் வந்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பாதியில் அணைத்துவிட்டு மாவு கரைக்கப் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஐந்தரையில் ஒரு வாரம் நான் இல்லாவிட்டால் திங்கட்கிழமை செக்யூரிட்டி பெரியவர், "என்னம்மா, நேத்து காணோம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எனக்கு வேண்டும். எங்கள் ஊரில் அதற்கென்றே உபதேசியார் வீடு வீடாக வருவார், அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

என் மகள் காலேஜில் படிக்கிறாள். "ஆன்லைன்ல பார்த்தா போதாதாம்மா?" என்று கேட்கிறாள். எழுந்திருக்க முடியாதவர்களுக்குப் போதும், உனக்குப் போதாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரம் வருகிறாள், சில வாரம் தூங்குகிறாள்.

எழுந்திருக்க முடியாதவர்களைப் பற்றி ஒரு பழைய தகவல். ரோமாபுரியில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், கி.பி. 150களில், எங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்படுவது பொய் என்று அன்றைய சக்கரவர்த்திக்கு விளக்கம் எழுதுகிறார். அதில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று ஒரு பத்தி வருகிறது. பட்டணத்திலும் கிராமத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறோம், நேரம் இருக்கும்வரை அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படும், தலைவர் புத்தி சொல்வார், எழுந்து ஜெபிப்போம், அப்பமும் ரசமும் பகிர்வோம். வசதி உள்ளவர்கள் மனதிருந்தால் கொடுப்பதைத் திக்கற்றவர்கள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்களுக்காக வைத்துக்கொள்வோம் என்கிறார். கிட்டத்தட்ட இன்றைய எங்கள் ஆராதனைதான், தொகை வாசிப்பதைத் தவிர. அதற்கு நடுவில் ஒரு வரி: வராதவர்களுக்கு அவர்கள் பங்கை உதவிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வரி இன்னும் நடப்பில் இருக்கிறது. எங்கள் ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சின்னப் பெட்டியில் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போவார். டூட்டி ஒத்துவந்தால் நானும் போவேன். ஒத்துவர வைப்பது ஒரு கலை. எங்கள் வார்டில் ஒரு முஸ்லிம் தங்கச்சி, இரண்டு இந்துப் பெண்கள். நோன்புப் பெருநாளும் தீபாவளியும் பொங்கலும் நான் நிற்பேன். ஞாயிறு காலைகளில் முடிந்தவரை அவர்கள் நிற்பார்கள். கிறிஸ்மஸ் கேக் தனிக் கணக்கு. இன்-சார்ஜ் சிஸ்டருக்கு இது தெரியும், தெரியாததுபோல இருப்பார்.

ஐயர் போகிற வீடுகளில் ஒன்றில் ஒரு பாட்டி. ஐந்தரையில் எங்களோடு முன் பெஞ்சில் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதிதான். இப்படிப்பட்டவர்களுக்கு அப்பத்தை வாயில் போட்டுவிட்டு வர முடியாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆபத்து. முதல் தடவை ஐயர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். தலையணைகளைக் கொடுத்து நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, துவரம்பருப்பு அளவு அப்பத்தை ரசத்தில் நன்றாக ஊறவைத்து, நல்ல பக்கமாக, இடது கன்னத்தில் வைக்கச் சொன்னேன். விழுங்குகிறாரா என்று தொண்டையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, ஒன்றும் தங்கவில்லை என்று பார்த்தபிறகுதான் படுக்கவைக்க வேண்டும். இப்போது ஐயரே பழகிக்கொண்டார். என்ன, இதற்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். ஐயரும் அவசரப்படுவதில்லை.

போன தடவை எல்லாம் முடிந்து ஐயர் ஆசீர்வாதம் சொல்லிப் பெட்டியை மூடினார். பாட்டி இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்தார். ஏதோ சொல்ல வருகிறார், புரியவில்லை. நெஞ்சு வலியோ என்று பல்ஸைப் பிடித்தேன். கையை உதறிவிட்டு, மறுபடியும் முக்கி முக்கிச் சொன்னார்.

"யாருக்கு... ஓலை?"

யார் யாருக்கு ஓலை வாசித்தார்கள் என்று சொன்னேன். பெண் வீடு எது, மாப்பிள்ளை வீடு எது, மாப்பிள்ளையின் தாத்தா யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசியில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்காத குடும்பம் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை ஐயர் வாசலில் செருப்பைப் போட்டபடி காத்துக்கொண்டிருந்தார்.